அனசார்க்கா: உடல் முழுவதும் நீர் கோத்த வீக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரகப் பிரிவில் நோயாளிகளின் வீட்டாருக்கு உணவு முறையைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. உப்பைப் பற்றியும் முட்டையைப் பற்றியும் கேட்பதற்கு முன்பே பலரும் மருத்துவமனைச் சீட்டை நீட்டி, அதில் எழுதியிருக்கும் "அனசார்க்கா" என்ற ஒரு சொல்லைத்தான் காட்டுகிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மாத்திரைகளின் அளவு பற்றிய முடிவுகள் சிகிச்சை அளிக்கும் மருத்துவருடையவை என்பதால், அவற்றை இங்கே எழுதவில்லை.

அப்பாவோட டிஸ்சார்ஜ் சம்மரியில "அனசார்க்கா"ன்னு போட்டிருக்கு. இது என்ன வியாதி?

அனசார்க்கா என்பது ஒரு வியாதியின் பெயர் அல்ல. ஏதோ ஒரு வியாதியால் உடலுக்கு நேர்ந்திருக்கும் நிலையின் பெயர். வீக்கம் காலோடு நின்றுவிடாமல் முகம், கைகள், வயிற்றுச் சுவர், முதுகு, தொடை, பிறப்புறுப்பு என எங்கும் பரவி, தோலுக்கு அடியில் நீர் கோத்து நிற்பதை மருத்துவர்கள் இந்த ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். பல நேரங்களில் வயிற்றறைக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும்கூட நீர் சேர்ந்திருக்கும்.

ஆகவே அந்தச் சொல்லைக் கண்டதும் நீங்கள் தேட வேண்டியது அதற்கு அருகில் எழுதப்பட்டிருக்கும் இன்னொரு பெயரை. நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோய்), ஹார்ட் ஃபெயிலியர் (இதயத் தளர்ச்சி), சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) என்று ஏதேனும் இருந்தால் அதுதான் நோய். சிகிச்சையும் உணவுக் கட்டுப்பாடும் எத்தனை நாள் நீடிக்கும் என்பதும் அந்தப் பெயரைப் பொறுத்தவை. அப்படி எதுவும் எழுதப்படவில்லை என்றால், வீக்கத்தின் காரணம் என்ன என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.

பேரைக் கேட்டா சர்க்கரை மாதிரி இருக்கே. சர்க்கரை வியாதியால வந்ததா?

ஒலியில்தான் ஒற்றுமை. சர்க்கரைக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவில்லை. "அனசார்க்கா" கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக மருத்துவ மொழிக்கு வந்தது. "அனா" என்றால் ஊடாக, நெடுகிலும். "சார்க்ஸ்" என்றால் சதை. "சதை நெடுகிலும் பரவிய நீர்" என்று கிரேக்க மருத்துவர்கள் முழுத் தொடராகச் சொன்னதில் "நீர்" என்ற பகுதி காலப்போக்கில் உதிர்ந்துபோய், "சதை நெடுகிலும்" என்பது மட்டும் தனிச் சொல்லாக நின்றுவிட்டது. எது பரவியிருக்கிறது என்பதைச் சொல்லாமல் எங்கே பரவியிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

ஆனால் உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோயும் இருந்தால் அதை வேறு விதத்தில் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, சிறுநீரகத்தின் வடிகட்டிகளைக் கெடுத்துப் புரதத்தைச் சிறுநீரில் ஒழுகவிடும். அந்த வழியில் உடல் முழுக்க வீக்கம் வருவது எங்கள் பிரிவில் அடிக்கடி காண்பதுதான்.

சார்க்கோமான்னா கேன்சர்னு போட்டிருக்கு. இதுவும் "சார்க்கா"தானே? எங்ககிட்ட எதையாவது மறைக்கிறாங்களா?

மறைக்கவில்லை. இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்று, பொருள் வேறு. சார்க்கோமாவில் "ஓமா" என்ற ஈறுதான் கட்டியைக் குறிக்கிறது. அது எலும்பு, தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் தோன்றும் புற்றுநோய். வயதானவர்களுக்குத் தசை கரைவதைச் சொல்லும் சார்க்கோபீனியாவிலும் இதே "சதை" இருக்கிறது. பழங்காலத்தில் பிணங்களை வைத்த கற்பேழைக்குச் "சதை தின்னி" என்று பொருள்படும் சார்க்கோஃபகஸ் என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான்.

சில புற்றுநோய்களின் முற்றிய நிலையிலும் உடல் முழுக்க வீக்கம் வரக்கூடும் என்பது உண்மை. ஆனால் அனசார்க்கா என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து யாருக்கும் புற்றுநோய் என்று முடிவுகட்ட முடியாது.

எடிமா, அசைட்டிஸ், அனசார்க்கா மூணும் எழுதியிருக்கு. மூணும் ஒண்ணா?

எடிமா என்பது பொதுச்சொல்: செல்களுக்கு இடையில் நீர் தேங்கி வீங்குவது எதுவானாலும் எடிமாதான். வீங்குதல் என்ற கிரேக்க வினையிலிருந்து வந்தது. கிரேக்கக் கதையில் வரும் ஈடிபஸ் மன்னனின் பெயருக்கு "வீங்கிய பாதம்" என்று பொருள் சொல்வதும் அதே வேரை வைத்துத்தான். அசைட்டிஸ் என்பது வயிற்றறைக்குள் சேரும் நீர். அதன் மூலச் சொல் திராட்சை மது ஊற்றிவைக்கும் தோல்பையைக் குறிப்பது. எடிமா உடலெங்கும் பரவி மிகக் கடுமையாகும்போது அதன் பெயர் அனசார்க்கா. சம்மரியில் மூன்றும் இருப்பது மூன்று நோய்கள் சேர்ந்து வந்ததைக் காட்டவில்லை. தேங்கிய நீரை இடம் பிரித்து எழுதியிருக்கிறார்கள்.

சும்மா உடம்பு போட்டிருக்கா, நீர் கோத்திருக்கான்னு வீட்டிலேயே எப்படித் தெரிஞ்சுக்கறது?

முழங்காலுக்குக் கீழே, முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து ஐந்தாறு நொடிகள் அழுத்திப் பிடித்துவிட்டு எடுங்கள். நீர் கோத்திருந்தால் விரல் பதிந்த இடம் குழியாக நிற்கும். நிரம்பி மேலே வரச் சில நொடிகளோ ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். கொழுப்பில் இந்தக் குழி விழாது. இது தவிர, பெண்களுக்கு மெட்டி விரலில் இறுகிக் கழற்ற முடியாமல் போவதையும், உள்பாவாடை நாடாவின் தடம் இடுப்பில் ஆழமாகப் பதிந்து வெகுநேரம் மறையாமல் இருப்பதையும், ஆண்களுக்கு விதைப்பை வீங்கி நடக்கச் சிரமப்படுவதையும் வீட்டார்தான் முதலில் கவனிக்கிறார்கள். சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கப்படுவது கடைசியில் சொன்ன அறிகுறிதான். தயவுசெய்து அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் காலை மட்டும் பார்த்து வீக்கம் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. நீர் தாழ்வான இடத்தை நாடும் என்பதால், அவர்களுக்கு அது இடுப்புக்குப் பின்னே, முதுகின் அடிப்பகுதியில் சேரும். அங்கே அழுத்திப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு தண்ணி எங்கிருந்து வந்துச்சு?

அன்றாடம் உணவிலும் குடிநீரிலும் வரும் நீரும் உப்பும் முழுவதும் வெளியேறாமல் உடலில் தங்கிவிடுகின்றன. அந்த நீர்தான் இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து, செல்களுக்கு இடையில் தேங்குகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 42 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் அடங்கியிருக்க, இரத்தத்தின் நீர்ப்பகுதியாகச் சுமார் 3 லிட்டரும், செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் சுமார் 11 லிட்டரும் உள்ளன. நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் இடைவெளிக்குக் கசிவதும், பிறகு குழாய்களுக்கோ நிணநீர் நாளங்களுக்கோ திரும்புவதும் ஓயாமல் நடக்கின்றன. வாய்க்காலிலிருந்து வயலுக்குப் பாயும் நீர் மிகுந்தால் வடிகால் வழியே வெளியேறுவதைப்போல் இது நடக்கிறது. பாய்ச்சல் கூடினாலும் வடிகால் அடைபட்டாலும் வயலில் நீர் நின்றுவிடும்.

1896ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் இந்தப் போக்குவரத்தின் விசைகளை விளக்கினார். குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தத்திலுள்ள அல்புமின் முதலான புரதங்கள் அதை உள்ளே பிடித்து வைக்கின்றன. இதயம் தளர்ந்தால் சிரைகளில் அழுத்தம் கூடித் தள்ளும் விசை ஓங்குகிறது. கல்லீரல் கெட்டால் அல்புமின் உற்பத்தி குறைகிறது. கல்லீரலுக்கு வரும் சிரைகளிலும் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் கெட்டால் அல்புமின் சிறுநீரில் வீணாகிறது, உப்பும் வெளியேறாமல் தங்குகிறது. இரத்த ஓட்டத்தில் நீர் போதவில்லை என்ற பிழையான சமிக்ஞை கிடைக்கும் நோய்களில், உடல் வீங்கிக் கிடக்கும் நேரத்திலேயே சிறுநீரகம் மேலும் உப்பையும் நீரையும் சேமிக்கத் தொடங்குகிறது. வீக்கம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்வது இதனால்தான்.

அப்படின்னா, நிறையத் தண்ணி குடிச்சதாலதான் வந்ததா?

இல்லை. நல்ல சிறுநீரகமும் இதயமும் உள்ளவர் கூடுதலாகக் குடிக்கும் தண்ணீர் சில மணி நேரத்தில் சிறுநீராக வெளியேறிவிடும். தாகத்துக்குத் தண்ணீர் குடித்ததற்காக நோயாளியைக் கடிந்துகொள்ளும் குடும்பங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. குற்றவாளி தண்ணீர் அல்ல. நோய் வந்த பிறகு மருத்துவர் நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் அதைக் கடைப்பிடிக்க வேண்டும். ஆனால் உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைப்பது பலன் தராது, ஏனெனில் உப்பு இருக்கும் வரை தாகம் அடங்காது.

முகம் முதல்ல வீங்கினா கிட்னி, கால் முதல்ல வீங்கினா ஹார்ட்டுன்னு சொல்றாங்களே, சரியா?

ஓரளவுக்குச் சரி. சிறுநீரகக் கோளாறில் காலையில் கண்ணிமை தடித்திருப்பதும், இதயத் தளர்ச்சியில் மாலையில் கணுக்கால் வீங்கிப் படுத்தால் மூச்சு வாங்குவதும், கல்லீரல் நோயில் வயிறு முந்திக்கொள்வதும் வழக்கம். மருத்துவர் எங்கே தொடங்கியது என்று கேட்பது இதற்காகத்தான், ஆகவே அந்த வரிசையை நினைவில் வைத்திருங்கள். அனசார்க்கா என்ற கட்டத்துக்கு வந்த பிறகு எல்லா இடமும் வீங்கிவிடுவதால், பார்வையால் மட்டும் காரணத்தைப் பிரிக்க முடியாது. சிறுநீர்ப் புரதம், இரத்த அல்புமின், சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல் சோதனைகள், இதயத்தின் எக்கோ ஆகியவை தேவைப்படும்.

தமிழ்ல இதுக்கு என்ன பேரு? மகோதரம்னு எங்க பாட்டி சொல்லுவாங்க.

பாட்டி சொன்ன மகோதரம் நீர் சேர்ந்து வயிறு பெருத்திருப்பதைக் குறிப்பது. மேலே சொன்ன அசைட்டிஸுக்குத்தான் அது நெருக்கமானது. திருப்புகழில் அருணகிரிநாதர் நோய்களை வரிசையாக அடுக்கும் "இருமல் உரோகம்" என்று தொடங்கும் பாடலில் நீரிழிவு, தலைவலி, சோகை ஆகியவற்றோடு "பெருவயிறு" என்பதும் வருகிறது. சித்த மருத்துவத்தில் வீக்கத்துக்குச் சோபை என்று பெயர். காமாலையோடு உடல் ஊதுவதற்கு ஊதுகாமாலை என்று தனிப் பெயரே உண்டு. நீர்க்கோவை என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் பேச்சு வழக்கில் அது தலையில் நீர் கோத்து வரும் சளியையும் தலைபாரத்தையும் குறிப்பதால் குழப்பம் வரும். நெற்றியில் பற்றுப் போடும் நீர்க்கோவை மாத்திரை அதற்கானது.

என் அனுபவத்தில் "உடம்பு முழுக்க நீர் கோத்து வீங்கியிருக்கிறது" என்று முழு வாக்கியமாகச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. இந்தப் பக்கத்திலும் அதையே பயன்படுத்தியிருக்கிறேன்.

பழைய இங்கிலீஷ் புத்தகத்துல "டிராப்சி"ன்னு ஒரு நோய் வருது. அதுவும் இதுவும் ஒண்ணா?

ஆம், ஒரு காலத்தில் அனசார்க்கா டிராப்சியின் ஒரு வகை. நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹைட்ராப்ஸ் வந்து, அது தேய்ந்து டிராப்சி ஆயிற்று. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ், இந்த நோயை மூன்றாகப் பிரித்து எழுதினார்: வயிறு மத்தளமாக உப்புவது, உடலெங்கும் வீங்குவது, வயிற்றுக்குள் நீர் கட்டுவது. இரண்டாவதற்கு அவர் எடுத்துக்காட்டிய கிரேக்கப் பெயர்களில் ஒன்று "ஹைப்போ சார்க்கா", அதாவது சதைக்கு அடியில். அன்றைய மருத்துவத்தில் வீக்கமே நோயாகக் கருதப்பட்டது. அதற்குப் பின்னால் ஓர் உறுப்பு கெட்டிருக்கிறது என்ற எண்ணம் வேரூன்றப் பல நூற்றாண்டுகள் பிடித்தன.

அந்த எண்ணம் வேரூன்றிய கதையில் இரண்டு பேரைக் குறிப்பிட வேண்டும். வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி ரகசியமாக வைத்திருந்த டிராப்சி மூலிகைக் கலவையை ஆராய்ந்து, அதிலிருந்த இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகளில் வேலை செய்வது ஃபாக்ஸ்க்ளவ் என்ற செடிதான் என்று கண்டு, 1785ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். சிலருக்கு அது வீக்கத்தை வியக்கும்படி வடியச் செய்தது, சிலருக்குப் பயன்படவே இல்லை. காரணம் பின்னாளில் விளங்கியது: அந்தச் செடியிலுள்ள பொருள் இதயத்தின் மேல் செயல்படுவது, டிகாக்சின் மாத்திரை இன்றும் அதே செடிக் குடும்பத்திலிருந்துதான் வருகிறது. இன்னொருவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட். வீங்கிய நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரின் மேல் காட்டினால், முட்டை வெள்ளை உறைவதுபோல் அது வெண்மையாகத் திரளும். அப்படித் திரண்ட நோயாளிகள் இறந்தபின் அவர்களின் சிறுநீரகங்கள் கெட்டிருந்ததை அவர் பிணப் பரிசோதனையில் கண்டு, 1827ஆம் ஆண்டில் இந்த மூன்றையும் இணைத்து எழுதினார். அதன் பிறகு டிராப்சி என்ற ஒற்றை நோய் இதய நோய், சிறுநீரக நோய், கல்லீரல் நோய் எனப் பிரியத் தொடங்கியது. அனசார்க்கா என்ற சொல்லும் நோய்ப் பெயர் என்ற தகுதியை இழந்து அடையாளப் பெயராக நின்றது. முதல் கேள்விக்கு நான் சொன்ன விடையின் பின்னணி இதுதான்.

யானைக்கால் வந்தாலும் இப்படித்தானே வீங்கும்?

இல்லை. யானைக்காலில் கொசு வழியாகப் பரவும் ஃபைலேரியா புழுக்கள் நிணநீர் நாளங்களைக் கெடுப்பதால், பாதிக்கப்பட்ட காலோ கையோ விதைப்பையோ மட்டும் வீங்கும். நாளடைவில் தோல் தடித்துக் கெட்டியாகி, அழுத்தினால் குழி விழாத நிலைக்குப் போகும். முகமும் வயிறும் முதுகும் சேர்ந்து வீங்குவது அந்த நோயின் இயல்பு அல்ல. தைராய்டு மிகவும் குறைந்தவர்களுக்கு முகமும் கைகால்களும் உப்புவதும் பெரும்பாலும் குழி விழாத வீக்கம்தான், அதற்கு மிக்ஸெடிமா என்று வேறு பெயர். ஒவ்வாமையால் உதடும் கண்ணும் திடீரென்று வீங்குவது இவற்றில் எதிலும் சேராது. தொண்டை அடைத்து மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும்.

குழந்தைக்குக் காலையில கண்ணு வீங்குது, சாயந்தரம் சரியாயிடுது. கண் டாக்டர்கிட்ட போலாமா?

முதலில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறு பிள்ளைகளுக்கு, குறிப்பாக இரண்டு முதல் ஆறு வயதுக்குள், நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் இப்படித்தான் தொடங்கும். பூச்சி கடித்தது, தூக்கம் போதவில்லை என்று சொல்லிச் சில நாட்கள் கழிந்த பிறகு, கால்சட்டை இடுப்பில் ஏறாமல் போகும்போதுதான் பலர் வருகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு மருந்தில் வீக்கம் முழுவதும் வடிந்துவிடும். அவர்களில் பலருக்கு, சளி காய்ச்சலைத் தொடர்ந்து, அது திரும்பவும் வரும்.

எனவே பெற்றோர் தினமும் காலையின் முதல் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சோதித்து நோட்டில் குறித்து வரச் சொல்லப்படுகிறார்கள். நிறம் மாறும் குச்சியால் பார்க்கலாம். அல்லது சோதனைக் குழாயில் சிறுநீரைக் கொதிக்கவைத்துக் கலங்குகிறதா என்று பார்க்கலாம். மேலே சொன்ன பிரைட்டின் கரண்டிச் சோதனையேதான் இது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் பென்சிலால் போட்ட கூட்டல் குறிகளை வைத்தே, முகம் வீங்குவதற்கு முன்பே நோய் திரும்புவதைக் கண்டுபிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த நோட்டைவிடப் பயனுள்ள ஆவணம் எங்கள் பிரிவில் வேறில்லை.

சத்துக் குறைவாலயும் வீங்குமா? சத்தில்லன்னா மெலியத்தானே செய்வாங்க?

வீங்கவும் செய்யும். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் இன்றைய கானாவில் பணியாற்றியபோது, கைகால்களும் முகமும் வீங்கிய, தோல் உரிந்த, முடி வெளுத்த குழந்தைகளைக் கண்டு, 1930களில் குவாஷியோர்கர் என்று அந்த மக்களின் கா மொழிப் பெயராலேயே அதை மருத்துவ உலகத்துக்கு அறிவித்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அந்தப் பெயர் சுட்டும் செய்தி. கன்னம் உப்பிய குழந்தையைக் கொழுகொழுவென்று இருப்பதாக நினைத்துவிடக் கூடாது.

தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைந்தால் வரும் பெரிபெரியில் ஒரு வகையும் இதயத்தைத் தளர்த்தி உடலை வீங்கச் செய்யும். ஆலையில் மிகவும் தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்தவர்களிடம் அது பரவியது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கித் தங்குவதால், புழுங்கல் அரிசி உண்டவர்கள் பெருமளவு தப்பினார்கள்.

கலப்பட எண்ணெயாலயும் உடம்பு வீங்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே, வதந்தியா?

வதந்தி அல்ல. பிரமதண்டு என்றும் குடியோட்டிப் பூண்டு என்றும் நாம் அழைக்கும், மஞ்சள் பூவும் முள் இலையும் கொண்ட களைச்செடியின் விதை கடுகைப்போலவே இருக்கும். அதன் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்தால், அதிலுள்ள சாங்குவினரின் என்ற நச்சு நுண்குழாய்களைக் கசியச் செய்து, கால் வீக்கத்தில் தொடங்கி இதயத் தளர்ச்சி வரை கொண்டுபோகும். ஒரே வீட்டில் ஒரே எண்ணெயைச் சாப்பிட்ட பலருக்கும் வருவதால் இதற்குக் கொள்ளைநோய் டிராப்சி என்று பெயர். 1998ஆம் ஆண்டில் டெல்லியில் இது பரவி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடுகெண்ணெய் அதிகம் புழங்கும் வட, கிழக்கு மாநிலங்களில்தான் இந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டியிருக்கிறது.

அல்புமின் 1.8 தான் இருக்காம். தினம் பத்து முட்டை வெள்ளைக்கரு கொடுத்தா ஏறிடுமா?

அல்புமினின் இயல்பான அளவு டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை, 1.8 மிகக் குறைவுதான். ஆனால் குறைந்த காரணம் உணவாக இருந்தால் மட்டுமே உணவால் அதைச் சரிசெய்ய முடியும். நெஃப்ராட்டிக் நோயில் வடிகட்டி ஓட்டையாக இருக்கும் வரை, கூடுதலாக ஏற்றும் புரதம் சிறுநீரில் கூடுதலாக ஒழுகும், சிறுநீரகத்துக்கும் சுமை. அங்கே வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவான புரதமே போதும். சிரோசிஸ் நோயாளிக்கு நிலைமை நேர் எதிரானது: புரதத்தைக் குறைத்தால் தசை கரையும் என்பதால், எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தரச் சொல்கிறோம், இரவில் வெறும் வயிற்றோடு படுக்கவும் விடுவதில்லை. ஒரே வீக்கம், ஒரே அல்புமின் அளவு, ஆனால் இரண்டு வேறு சாப்பாட்டுத் தட்டுகள். பக்கத்துப் படுக்கைக்காரரின் உணவுப் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொண்டு போகாதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

சாதா உப்புக்குப் பதிலா இந்துப்பு, இல்லன்னா சோடியம் கம்மியான உப்பு போடலாமா?

இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான்; அதனால் பயன் இல்லை. சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற நீர் இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கவே வேண்டாம்.

சரியான வழி உப்பையே குறைப்பது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம், மேல் எல்லையாகச் சொல்லப்படுகிறது. சிலருக்கு இன்னும் குறைவாகச் சொல்வார்கள். சமையலில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவற்றைத் தொடர்ந்தால் கணக்கு அங்கேயே தவறிவிடும். எலுமிச்சை, புளி, மிளகு, இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றைக் கூட்டினால் நாக்கு சில வாரங்களில் பழகும்.

நீர்முள்ளிக் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் கொடுத்தா நீர் இறங்குமாமே?

நீர்முள்ளி சிறுநீர் பெருக்கி என்று நம் மருத்துவ மரபில் பெயர்பெற்றது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃப்ரூசமைடு போன்ற நீர் இறக்கும் மாத்திரையை ஏற்கனவே சாப்பிடுபவருக்கு, அளவு தெரியாத இன்னொரு நீர் இறக்கியைச் சேர்த்தால் உப்புச் சமநிலை குலைந்து இரத்த அழுத்தம் சரியக்கூடும். வாழைத்தண்டுச் சாற்றில் பொட்டாசியம் இருக்கிறது. முந்தைய விடையில் சொன்ன ஆபத்து இங்கேயும் பொருந்தும். சித்த மருத்துவரிடம் போவதானால் கிரியாட்டினின், பொட்டாசியம் அறிக்கைகளோடு போங்கள், இரு மருத்துவர்களுக்கும் மற்றவர் தரும் மருந்து தெரிந்திருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில ஒன்பது கிலோ குறைஞ்சிடுச்சு. இவ்வளவு வேகமா இளைக்கலாமா? இனி மாத்திரையை நிறுத்தலாமா?

குறைந்தது சதை அல்ல, நீர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் உடலில் இரண்டரை, மூன்று லிட்டர் சேர்ந்துவிடும் என்பதால், பெரிய வீக்கம் வடியும்போது எடை இந்த அளவு இறங்குவது எதிர்பார்க்கக்கூடியதே. எந்த வேகத்தில் இறக்குவது என்பதை மருத்துவர் நோய்க்கு ஏற்ப வைத்துக்கொள்வார். கல்லீரல் நோயில் மெதுவாகவே இறக்குவார்.

வீக்கம் வடிந்தது நோய் போனதற்குச் சான்று ஆகாது. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே எடைமானியில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ ஏறினால், கால் வீங்கும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். படுத்தால் மூச்சுத் திணறுவது, சிறுநீர் வெகுவாகக் குறைவது, நினைவு தடுமாறுவது, காய்ச்சலோடு வயிற்று வலி, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலிப்பது ஆகிய எதற்கும் அன்றே போக வேண்டும்.

ஸ்கேன்ல வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஹைட்ராப்ஸ்னு எழுதியிருக்கு. அம்மாவுக்குக் கால் வீங்கினதாலயா?

இரண்டும் வேறு. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் பாதம் வீங்குவது சாதாரணம். முகமும் கையும் சேர்ந்து வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால் உடனே இரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்க்க வேண்டும். ஹைட்ராப்ஸ் என்பது கருவிலுள்ள குழந்தையின் தோலடியிலும், வயிறு, நெஞ்சு, இதய உறை போன்ற அறைகளிலும் நீர் சேர்ந்திருப்பது. டிராப்சியின் அந்தப் பழைய கிரேக்கப் பெயர் மாறாமல் பிழைத்திருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

தாயின் ஆர்ஹெச் நெகட்டிவ் இரத்தத்துக்கும் குழந்தையின் பாசிட்டிவ் இரத்தத்துக்கும் உள்ள மோதல் முன்பு இதற்கு முக்கியக் காரணமாக இருந்தது. 1960களின் இறுதியில் இந்த மோதலைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி புழக்கத்துக்கு வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. இதயக் குறைபாடு, குரோமோசோம் கோளாறு, நோய்த்தொற்று, இரத்தசோகை ஆகியவையும் காரணமாகலாம் என்பதால், கருநிலை மருத்துவ நிபுணரை விரைவில் பார்ப்பதே முறை.

இன்சூரன்ஸ்காரங்க "அனசார்க்கா டயக்னோசிஸ் இல்லை"ன்னு கிளெய்மைத் திருப்பி அனுப்பிட்டாங்க. என்ன செய்றது?

அவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய் வகைப்பாட்டில் உடல் முழுவதும் பரவிய வீக்கத்துக்கு ஆர்60.1 என்ற குறியீடு தரப்பட்டுள்ளது. ஆர் என்று தொடங்கும் அத்தியாயம் முழுவதும் அறிகுறிகளுக்கும் அடையாளங்களுக்கும் ஒதுக்கப்பட்டது; நோய்கள் பிற எழுத்துகளில் இருக்கின்றன. நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்04, இதயத் தளர்ச்சி ஐ50. சம்மரியில் அனசார்க்கா மட்டும் இருந்தால், காப்பீட்டு அலுவலகத்தின் பார்வையில் எதற்காகச் சிகிச்சை நடந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சிகிச்சை அளித்த மருத்துவரை அணுகி, காரணமான நோயின் பெயரையும் குறியீட்டையும் சேர்த்துத் திருத்திய சம்மரி அல்லது விளக்கக் கடிதம் கேளுங்கள். சிறுநீர்ப் புரதம், எக்கோ, அல்புமின் அறிக்கைகளின் நகல்களையும் இணையுங்கள். காரணம் இன்னும் உறுதியாகவில்லை என்றால், எந்தெந்தச் சோதனைகள் நடந்தன, எவை பாக்கி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தின் ஒரு நகலை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் பணியிலிருக்கும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.